மாதம் 18 யூரோ மிச்சம்பிடித்த கதை

கடந்த கிழமை எங்கள் ஒழுங்கையில் இருக்கும் தங்கச்சி ஒருவர், யேர்மனிக்கு வீசா கிடைத்த சந்தோசத்தில் கடவுச்சீட்டுகளையும் கையில் எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்திருந்தார். நான் விடுமுறையில் முல்லைத்தீவுக்கு வந்து நிற்பதை அறிந்து, என்னென்ன கொண்டுபோவது என்று கேட்கத்தான் வந்தார். மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் அங்குள்ள தமிழ்க் கடைகளில் கிடைக்கும், பெட்டியின் நிறையை அதில் செலவழிக்க வேண்டாம், அவரவர் ஞானஸ்நானச் சான்றிதழை எடுத்துவிட்டீர்களா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "என்னக்கா, அங்கை கோயிலுக்குள்ள போறதுக்கும் பாஸ் எடுக்க வேணுமோ?" என்றார். போர்க்காலத்தில் வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் எடுக்கவேண்டியிருந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும் என்பதால் அம்மாவும் சேர்ந்து சிரித்தார். 2019 இல் யாராவது என்னிடம் இதைக் கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் சிரித்திருப்பேன். அன்றைக்குக் கேட்பதற்கு ஒருவரும் இருக்கவில்லை என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

நானும் கணவரும் முல்லைத்தீவுக் கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் பிறந்தவர்கள். 2009 இல் எல்லோரையும் போல மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஒதுங்கி, கடைசியில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கேதான் பேச்சாகி, 2011 இல் செட்டிகுளத்துக்கு அண்மையில் உள்ள ஒரு கோவிலில் கைப்பிடித்தோம். மகள் 2012 இல் பிறந்தாள். 2013 இல் நான் மகனை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தபோது இவர் யேர்மனிக்கு வெளிக்கிட்டார். 2017 இல் இவருக்கு அகதி அந்தஸ்து கிடைத்தது. 2019 ஓகஸ்ட் மாதம் நானும் பிள்ளைகளும் போய்ச் சேர்ந்தோம். அகதி அந்தஸ்துப் பெற்றவரின் மனைவி என்பதால் என்னிடம் மொழிப் பரீட்சை கேட்கப்படவில்லை. அதை அப்போது பெரிய அதிர்ஷ்டமாக நினைத்தேன். ஒரு சொல் யேர்மன் மொழி தெரியாமல் போய் இறங்கியதால், எந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்கும் பொறுப்பு முழுவதையும் இவரிடமே விட்டேன். நடந்த எல்லாவற்றுக்கும் அது ஒரு காரணம்.

போய் இறங்கிய புதிதில் என்னை அதிகம் வாட்டியது குளிரல்ல, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊரில் ஞாயிறு என்றால் விடியற்காலை முதல் மணிக்கே ஒழுங்கை விழித்துவிடும். பூசை முடிந்து கோவில் வளவுக்குள் நின்று கதைப்பதில் ஒரு மணித்தியாலம் போகும். யார் வரவில்லை, யாருக்குச் சுகமில்லை என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். நாங்கள் குடியேறிய நகரம் நோட்றைன் வெஸ்ற்பாலன் மாநிலத்தில் இருக்கிறது. பெரிய கல்லுக் கோவில், அழகான கண்ணாடி யன்னல்கள், உள்ளே அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களாக ஒரு முப்பது பேர், அவர்களும் ஆளுக்கொரு வாங்கில். சமாதானம் சொல்லும் நேரத்தில் தலையை மெல்ல அசைப்பார்கள். பூசை முடிந்து ஐந்து நிமிடத்தில் கோவில் வெறுமையாகிவிடும். நான் மூன்று மாதம் தொடர்ச்சியாகப் போயும் என் பெயரை ஒருவரும் கேட்கவில்லை. அவர்களிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்பதும், அந்த ஊரில் ஒரு மனிதரை விசாரிப்பது அவருடைய தனிமைக்குள் நுழைவதாகக் கருதப்படுகிறது என்பதும் பிறகுதான் விளங்கியது. அதை விளங்கிக்கொள்ளும்வரை ஞாயிறு தோறும் வீட்டுக்கு வந்து குளியலறைக்குள் நின்று அழுதிருக்கிறேன். புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, யாரும் வந்து கேட்பார்கள் என்று காத்திருக்காமல், முதல் மாதத்திலேயே பங்குப் பணிமனைக்குப் போய், நாங்கள் இன்ன தெருவுக்கு வந்திருக்கிறோம், இத்தனை பிள்ளைகள் என்று நீங்களாகவே பெயரைப் பதிந்துகொள்ளுங்கள் என்பதுதான். நான் அதைச் செய்திருந்தால், இரண்டு வருடம் பிந்தித் தெரிந்துகொண்டதை அன்றைக்கே தெரிந்துகொண்டிருப்பேன்.

மூச்சுவிட வைத்தது மாதமொருமுறை நடக்கும் தமிழ்ப் பூசை. அதற்கு இரண்டு ரயில் மாறிப் போகவேண்டும். ஆனால் அங்கே பூசை முடிந்ததும் மண்டபத்தில் தேத்தண்ணியும் கடலையும் இருக்கும், கொழுவலும் இருக்கும், ஊர்போலவே இருக்கும். ஓகஸ்ட் மாதத்தில் கேவலார் திருத்தலத்துக்குத் தமிழர்கள் பெருந்தொகையாகப் போவார்கள், சைவச் சனமும் மடுவுக்கு வருவதைப்போல நேர்த்தி வைத்து வரும். மடு மாதாவின் சுருவத்தை மனதில் வைத்துக்கொண்டு முதல் தடவை போன நான், 1642 இலிருந்து அங்கே வணங்கப்படுவது ஒரு உள்ளங்கையளவு அச்சுப் படம் என்பதைக் கண்டு ஏமாந்துதான் போனேன். "துயருறுவோரின் ஆறுதல்" என்பது அந்த மாதாவின் பெயர் என்று யாரோ சொன்ன பிறகு, வரிசையில் மறுபடியும் போய் நின்றேன். எனக்குப் பக்கத்தில் இவரும் நின்றார், பூசையில் நன்மையும், அதாவது நற்கருணையும், வாங்கினார். இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

2021 செப்ரெம்பரில், மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தாள். அந்த நாட்டில் பிள்ளைகள் முதல் நன்மை எடுப்பது பெரும்பாலும் மூன்றாம் வகுப்பில்தான். ஆயத்த வகுப்புகள் இலையுதிர் காலத்தில் தொடங்கி, உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறை ஒட்டி முடியும். அவளோடு படிக்கும் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கெல்லாம் பங்கிலிருந்து அழைப்புக் கடிதம் வந்துவிட்டது, எங்களுக்கு வரவில்லை. தபால் தவறியிருக்கும் என்று இவர் சொன்னார். அதே கிழமையில் என் தங்கச்சி, தன் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு இவரை ஞானத்தகப்பனாகக் கேட்டாள். ஞானத்தகப்பனாக நிற்பவர் தன் பங்கிலிருந்து ஒரு சான்றிதழ் எடுத்துக் கொடுக்கவேண்டும். இவருக்கு வேலை இருந்ததால், இரண்டு விடயத்தையும் ஒரே நடையில் முடிக்கலாம் என்று நான் தனியாகப் பங்குப் பணிமனைக்குப் போனேன்.

அங்கே வேலை செய்யும் பெண்மணி கணினியில் இவருடைய பெயரைத் தேடினார். பெயரை ஒருமுறை உரக்க வாசித்தார். பிறகு பிறந்த திகதியைக் கேட்டார். பிறகு ஒன்றும் பேசாமல் கணினித் திரையை என் பக்கம் மெல்லத் திருப்பி, ஒரு சொல்லைப் பேனா நுனியால் காட்டினார். "அவுஸ்கெற்றெற்றன்" என்று இருந்தது. அந்தச் சொல் எனக்குத் தெரியாது. கைத்தொலைபேசியில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் பார்த்தேன்: வெளியேறியவர். எங்கிருந்து வெளியேறியவர் என்று கேட்டேன். "திருச்சபையிலிருந்து" என்றார் அவர், மிகவும் இரக்கமான குரலில். பிள்ளைகள் இருவருடைய பதிவிலும் மதம் என்ற இடம் வெறுமையாக இருந்தது. அதனால்தான் கடிதம் வரவில்லை.

இவர் செய்தது என்னவென்றால், 2016 இல், அகதி விடுதியிலிருந்து வெளியே வந்து, நான்கு பேர் ஒரு வீட்டில் இருந்து உணவகச் சமையலறையில் வேலை செய்த காலத்தில், சம்பளச் சிட்டையில் கோவில் வரி என்று மாதம் 18 யூரோ கழிபடுவதை அறைத்தோழர் ஒருவர் காட்டியிருக்கிறார். "ஒரு கையெழுத்து வைத்தால் அது நின்றுவிடும், நீ கோவிலுக்குப் போவதை ஒருவரும் தடுக்கப்போவதில்லை" என்று அவரே உள்ளூர் நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். 30 யூரோ கட்டணம், ஒரு பத்திரம், ஒரு கையெழுத்து. தான் ஒரு வரிப் பத்திரத்தில் கையெழுத்து வைத்ததாகவே இவர் இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறார், நானும் அதை நம்புகிறேன். 2019 இல் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, பதிவு செய்யும் இடத்தில் மதம் என்ற கூட்டுக்குள் எதையும் நிரப்பாமல் விட்டால் தொல்லை இல்லை என்று எங்களுக்கும் அப்படியே விட்டுவிட்டார். இதில் ஒன்றையும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அளவுக்குப் பெரிய காரியம் என்று தான் நினைக்கவில்லை என்கிறார். இந்த இடத்தை மட்டும் நான் முழுமையாக நம்பவில்லை.

இந்த வரியைப் பற்றி எங்கள் ஆட்களிடையே உலாவுகிற கதைகள் பலவும் பிழையானவை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். யேர்மனியில் கத்தோலிக்கராகவோ புரட்டஸ்தாந்து மாநிலத் திருச்சபை உறுப்பினராகவோ பதியப்பட்டவரிடமிருந்து அரசே கோவில் வரியைக் கழித்துத் திருச்சபைக்குக் கொடுக்கிறது. அது சம்பளத்தில் 9 வீதம் என்று பலர் பயப்படுத்துவார்கள். உண்மையில் அது வருமான வரியில் 9 வீதம். பவேரியா, பாடன் வூட்டம்பேர்க் ஆகிய இரண்டு மாநிலங்களில் 8 வீதம். வருமான வரி 200 யூரோ கட்டுபவருக்கு அது 18 யூரோதான் வரும். வருமான வரி இல்லாதவருக்கு இதுவும் இல்லை. கணவரும் மனைவியும் ஒன்றாக வாழத் தொடங்கி, உழைப்பவர் மூன்றாம் வரி வகுப்புக்கு மாறி, பிள்ளைகளும் கணக்கில் சேர்ந்தால், இவரைப் போன்ற சம்பளக்காரருக்கு அது பூச்சியத்துக்கு வந்துவிடும். கட்டிய கோவில் வரியை வருட வரிக் கணக்கிலும் செலவாகக் காட்டலாம். மெதடிஸ்த சபைக்கோ பெந்தெகொஸ்தே சபைக்கோ போகிற எங்கள் ஊர்க்காரருக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது, ஏனென்றால் அங்குள்ள சுதந்திர சபைகள் உறுப்பினரின் காணிக்கையில்தான் நடக்கின்றன; அவர்கள் பதிவுப் பத்திரத்தில் தவறான கூட்டுக்குள் புள்ளடி போடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மறுபக்கத்தில், அந்தக் கையெழுத்தின் விலையை ஒருவரும் இவருக்குச் சொல்லவில்லை. 2012 செப்ரெம்பரில் யேர்மன் ஆயர் பேரவை வெளியிட்ட ஆணையின்படி, அரச அதிகாரியின் முன்னால் திருச்சபையை விட்டு விலகுவதாகச் சொன்னவர் பாவசங்கீர்த்தனம் செய்யவோ நன்மை வாங்கவோ முடியாது, ஞானத்தாய் ஞானத்தகப்பனாக நிற்க முடியாது, பங்குப் பேரவையில் இருக்க முடியாது. மனம் மாறியதற்கு எந்த அடையாளமும் காட்டாமல் இறந்தால் கோவில் அடக்கத்தையும் மறுக்கலாம். இதை எனக்கு யேர்மன் சுவாமி ஒருவர் ஆறுதலாக இருத்தி வைத்துச் சொன்னபோது எனக்குக் கேவலார்தான் நினைவுக்கு வந்தது. அன்றிரவு வீட்டில் நடந்ததை எழுதப் போவதில்லை. இரண்டு மாதம் நானும் இவரும் பிள்ளைகளை வைத்துத்தான் கதைத்தோம். ஊரில் இவருடைய அம்மா, மடு மாதாவின் சுருவம் 2008 ஏப்ரலில் பாதுகாப்புக்காகத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோகப்பட்ட செய்தி கேட்டு மூன்று நாள் சோறு தின்னாமல் இருந்த மனுசி. அவருக்கு இது தெரியவே கூடாது என்பதில் மட்டும் நாங்கள் இருவரும் ஒரே கட்சியில் நின்றோம். தங்கச்சியின் பிள்ளைக்கு ஒக்ரோபரில் வேறொருவர் ஞானத்தகப்பனாக நின்றார். காரணம் கேட்டவர்களுக்கு வேலை என்று பொய் சொன்னோம்.

மகளின் முதல் நன்மைக்கு இது தடையாக இருக்கவில்லை. தகப்பன் விலகியிருந்தாலும் பிள்ளை முதல் நன்மை எடுக்கலாம். அவளுடைய ஞானஸ்நானச் சான்றிதழைக் காட்டினால் போதும், அதை நான் ஊரிலிருந்து படம் பிடித்து அனுப்பச் செய்து, பிறகு அசலையும் எடுப்பித்தேன். ஆனால் அந்த நாளில் அவள் நன்மை வாங்க, இவர் வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. திரும்பச் சேர வழி இருக்கிறதா என்று அதே சுவாமியிடம் கேட்டேன். இருக்கிறது, கட்டணமும் இல்லை என்றார். ஒரு குருவோடு மனம்விட்டுக் கதைக்கவேண்டும், விலகியதற்கான நீதிமன்றப் பத்திரத்தையும் ஞானஸ்நானச் சான்றிதழையும் கொடுக்கவேண்டும், ஆயரின் அனுமதி வந்ததும் இரண்டு சாட்சிகளின் முன்னால் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லவேண்டும், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று அவர் சொன்னார். இவருடைய ஞானஸ்நானச் சான்றிதழ் எங்களிடம் இல்லை. ஊரில் உறவினர் மூலம் கேட்டபோது பழைய ஏடே இல்லை என்று பதில் வந்தது. இவருடைய அகதிப் பயணப் பத்திரத்தில் இலங்கைக்குப் போக முடியாது. நான் இலங்கைக் கடவுச்சீட்டில் இருக்கிறேன். ஆகவே 2022 பெப்ரவரி கடைசியில், பிள்ளைகளை இவரோடு விட்டுவிட்டு, நான் தனியாக வந்து இறங்கினேன்.

அதைவிடக் கெட்ட நேரம் பார்த்து ஒருவர் இலங்கைக்கு வந்திருக்க முடியாது. விமான நிலையத்திலேயே கையிலிருந்த யூரோவில் பெரும்பகுதியை மாற்றினேன். மார்ச் 7 ஆம் திகதி ரூபாயை மிதக்க விட்டார்கள், ஒரு கிழமை பொறுத்திருந்தால் எவ்வளவோ கூடுதலாகக் கையில் வந்திருக்கும். டீசல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நின்றது, ஒரு நாளில் ஏழு மணித்தியாலத்துக்கு மேல் மின்சாரத்தை நிறுத்தினார்கள், வான்காரர் கேட்ட கூலிக்கு மறுபேச்சுப் பேச முடியவில்லை. மார்ச் 2 விபூதிப் புதன். நெற்றியில் சாம்பலோடு இவருடைய பிறந்த பங்கின் அறைவீட்டுக்குப் போனேன். பங்குத்தந்தை இளம் சுவாமி. அலுமாரியைத் திறந்து ஏடுகளை என் முன்னாலேயே வைத்தார். 2010 க்கு முந்திய ஞானஸ்நான ஏடு இல்லை. 2004 சுனாமியில் நனைந்து, காயவைத்து எடுத்து வைத்திருந்த ஏடு, 2009 இடம்பெயர்வில் எங்கேயோ போய்விட்டது. ஏடு இல்லாத இடத்தில் ஞானஸ்நானத்தைக் கண்ணால் கண்ட, நம்பத்தகுந்த ஒரு சாட்சியின் வாக்குமூலம் போதும் என்று திருச்சபைச் சட்டம் சொல்வதை அவர்தான் சொன்னார். இவருடைய தகப்பன் இல்லை. தாயிடம் கேட்டால் ஏன் எதற்கு என்று தோண்டுவார். மிஞ்சியது ஞானத்தாய்.

அந்த ஆச்சி இப்போது பரந்தன் வீதியில் விசுவமடுவில் மகளோடு இருக்கிறார். நான் போனபோது பொழுது பட்டுவிட்டது, மின்சாரம் இல்லை. வாசற்படியில் ஒரு கைவிளக்கை வைத்துக்கொண்டு அவித்த பனங்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தார். கிழங்கை நெடுகப் பிளந்து, பீலியை எடுத்தெறிந்து, தும்பை நகத்தால் ஒன்றொன்றாக இழுத்து, முறித்து என் கையில் தந்துவிட்டுத்தான் வந்த விடயத்தைக் கேட்டார். யேர்மனியில் கோவில் அலுவலுக்குச் சான்றிதழ் வேண்டும் என்று மட்டும் சொன்னேன். "அவனுக்குச் சுவாமி எங்கை மோனை தண்ணி வாத்தவர்?" என்றார். எனக்கு விளங்கவில்லை. இவர் பிறந்து ஐந்தாம் நாள் மூச்சிழுத்து நீலம் பாய்ந்திருக்கிறார்; கடும் மழை, சுவாமியைக் கூட்டிவர வழியில்லை; உபதேசியார் ஓடிவந்து, குடத்துத் தண்ணீரை எடுத்து வார்த்து, அன்றைய புனிதரின் பெயரை வைத்திருக்கிறார். பிள்ளையை மடியில் வைத்திருந்தது இந்த ஆச்சி. பிழைத்த பிறகு கோவிலுக்குக் கொண்டுபோய் மிச்சச் சடங்கைச் சுவாமி முடித்து ஏட்டில் பதிந்திருக்கிறார். பிறப்பு அத்தாட்சியில் உள்ள பெயர் வேறு, தகப்பன் வைத்தது. நாற்பது வயதை நெருங்கும் என் கணவருக்கு இது ஒன்றும் தெரியாது. "இந்தக் கையிலைதான் கிடந்தவன்" என்று, பனங்கிழங்குத் தும்பு ஒட்டிய உள்ளங்கையை விளக்கு வெளிச்சத்தில் விரித்துக் காட்டினார். நான் அந்த இடத்திலேயே இவருக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்ல, மறுபக்கத்தில் நெடுநேரம் சத்தம் இல்லை.

ஆச்சியை மறுநாள் வானில் ஏற்றி, பங்குத்தந்தைக்கு முன்னால் வாக்குமூலம் எழுதி, கையொப்பமும் முத்திரையும் வைத்து, அதற்கு மேலதிகமாகச் சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசியும் முடித்தேன். முடிந்தது என்று எழும்பும்போது சுவாமி சும்மா ஒரு கேள்வி கேட்டார்: "நீங்கள் எந்தக் கோவிலில கலியாணம் கட்டினீங்கள்?" செட்டிகுளம் பக்கம் என்றேன். அப்படியானால் அங்கே போய்த் திருமணக் கோவையைப் பாருங்கள், ஞானஸ்நான அத்தாட்சி இல்லாமல் உங்களுக்குக் கலியாணம் எழுதியிருக்க மாட்டார்கள் என்றார். மாங்குளம் வந்து, ஏ9 வீதியில் வவுனியா போய், அங்கிருந்து செட்டிகுளம் போனேன். பதினொரு வருடத்துக்கு முந்திய கோவைக்குள், இவருடைய அம்மா 2011 இல் கொடுத்த வாக்குமூலம், இரண்டு பெயரும் ஒருவருக்கே உரியவை என்ற குறிப்போடு பத்திரமாக இருந்தது. முகாமிலிருந்து வந்து கட்டிய அவசரத்தில் எதில் யார் கையெழுத்து வைத்தார்கள் என்பதை நாங்கள் இருவருமே மறந்துவிட்டோம். அந்தப் பங்குக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்திருந்தால் நான் விமானம் ஏறியிருக்கவே தேவையில்லை. ஆச்சியிடம் போனதை மட்டும் வீண் என்று சொல்ல மாட்டேன்.

ஆகவே, வன்னியில் ஏடு தொலைந்த பங்குகளைச் சேர்ந்தவர்கள் கோவிலில் திருமணம் முடித்திருந்தால் முதலில் அந்தத் திருமணக் கோவையைத் தேடுங்கள். உறுதிப்பூசுதல் வேறு பங்கில் நடந்திருந்தால் அந்த ஏட்டையும் பாருங்கள். ஞானத்தாய், ஞானத்தகப்பன், உபதேசியார் எவராவது உயிரோடு இருந்தால், வெளிநாட்டு அலுவல் வரும்வரை காத்திராமல் இப்போதே வாக்குமூலம் எழுதிப் பங்கில் வைத்துவிடுங்கள். சான்றிதழை ஆங்கிலத்தில் கேளுங்கள், முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள், ஒருவருக்கு இரண்டு பிரதி எடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பெயரின் ஒவ்வொரு ஆங்கில எழுத்தையும் கடவுச்சீட்டோடு ஒப்பிடுங்கள். நாங்கள் தகப்பன் பெயரைப் பின்பெயராக வைக்கிறவர்கள் என்பதால், அங்கே இவருக்கு ஒரு குடும்பப்பெயர், எனக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று. இதற்குள் பிறப்பு அத்தாட்சியில் கடைசி எழுத்து 'எம்', ஞானஸ்நானச் சான்றிதழில் 'என்' என்று இருந்தால், அந்த ஒரு எழுத்துக்காக வாரக்கணக்கில் கடிதம் போகும், வரும். ஊரில் பிழை திருத்துவது ஒரு நாள் வேலை.

மார்ச் 20 ஆம் திகதி திரும்பிப் போனேன். விமானச் சீட்டு 910 யூரோ, நான் செய்யும் பகுதிநேரத் துப்புரவு வேலையில் இழந்த சம்பளம் ஏறத்தாழ 380, வான் கூலி அன்றைய கணக்கில் 180, இரண்டு பத்திரங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் யேர்மன் மொழிக்கு மாற்ற 110. மொத்தம் 1,580 யூரோ. விலகியதில் இருந்து நாங்கள் வந்து சேரும்வரை இவர் மிச்சம்பிடித்தது, 38 மாதத்துக்கு 684 யூரோ. அதில் விலகல் கட்டணம் 30 ஐயும் கழிக்கவேண்டும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் குளிரூட்டிப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்தேன். இரண்டு நாள் கழித்து யாரோ எடுத்துவிட்டார்கள்.

மற்றப் பத்திரங்கள் ஏற்கெனவே போயிருந்ததால் ஆயரின் அனுமதி மூன்று கிழமைக்குள் வந்தது. பெரிய வியாழனுக்கு முதல் நாள் மாலை, பக்கத்துச் சிற்றாலயத்தில், தங்கச்சியின் கணவரும் முதல் நன்மை வகுப்பு எடுக்கும் யேர்மன் பெண்மணியும் சாட்சியாக நிற்க, இவர் விசுவாசப் பிரமாணத்தைத் தமிழில் சொன்னார். யேர்மனில் சொல்லிப் பார்த்து நாக்குப் புரளாததால், எந்த மொழியில் சொன்னாலும் கடவுளுக்கு விளங்கும் என்று சுவாமியே சொல்லிவிட்டார். ஏப்ரல் 24 ஆம் திகதி மகளுக்குப் பின்னால் நாங்கள் இருவரும் வரிசையில் போனோம். அந்தக் கோவிலில் முதன்முதலாக, பூசை முடிந்து நான்கைந்து பேர் வந்து கை கொடுத்துப் பெயர் கேட்டார்கள். அதற்கு இரண்டு வருடமும் எட்டு மாதமும் எடுத்திருக்கிறது.

மே மாதச் சம்பளச் சிட்டை வந்தபோது இவர் அதை வாசலிலேயே பிரித்து, கோவில் வரி என்ற வரிக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு என்னிடம் கொண்டுவந்தார். மூன்றாம் வரி வகுப்பு, இரண்டு பிள்ளைகள். விரலை எடுத்துப் பார்த்தேன்: 0.00.